மதுரைக்குப் படிக்க வந்தவர்களுக்கு: ராத்திரிக் கடையும் ராமேஸ்வரம் கடலும்

மதுரையில் கடல் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பினாங்கு, கிள்ளான், யாழ்ப்பாணம், மட்டக்களப்பு என்று கடற்காற்றில் வளர்ந்துவிட்டு இங்கே படிக்க வரும் பிள்ளைகள், விடுதியில் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே “இங்க பீச் எந்தப் பக்கம்ணே?” என்று கேட்டுவிடுகிறார்கள். கிழக்குப் பக்கம்தான், பஸ்ஸில் நாலு மணி நேரம். அதுவரைக்கும் ஊருக்குள்ளேயே சாப்பிட ஏராளமாக இருக்கிறது.

பலரும் யூடியூபில் பார்த்த கடைப் பெயர்களைக் குறித்துக்கொண்டு வருகிறார்கள். கடைப் பெயர் அப்புறம். மதுரையில் சாப்பாட்டுக்குக் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும், கடலுக்குக் காற்றைப் பார்க்க வேண்டும். உச்சி வெயிலில் பருத்திப்பால் தேடினால் வண்டியே இருக்காது. ஆடி மாதக் காற்றில் அலையில் விளையாடலாம் என்று தனுஷ்கோடிக்குப் போனால் கண்ணிலும் காதிலும் மணலை வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான்.

காகித வேலையை முடித்துவிடுங்கள்

மாணவர் விசா 180 நாளுக்கு மேற்பட்டது என்றால், வந்து இறங்கிய 14 நாளுக்குள் இ-எஃப்ஆர்ஆர்ஓ என்கிற வெளிநாட்டவர் பதிவு இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். கல்லூரி அலுவலகத்தில் போனஃபைடு சான்றிதழ் கேளுங்கள், தருவார்கள். அப்படியே பாஸ்போர்ட்டையும் விசாப் பக்கத்தையும் இரண்டு மூன்று செட் ஜெராக்ஸ் எடுத்துப் பையில் போட்டு வையுங்கள். ராமேஸ்வரத்தில் அறை எடுக்கும்போது இது தேவைப்படும். வெளிநாட்டவர் தங்கினால் லாட்ஜ்காரர் அதற்கான படிவத்தை நிரப்பி அனுப்ப வேண்டும். அந்த வேலைக்குச் சோம்பல்பட்டு “ரூம் இல்லப்பா” என்று சொல்லிவிடுகிற சின்ன லாட்ஜுகள் உண்டு. அதனால் கிளம்பும் முன்பே போன் போட்டு, வெளிநாட்டுப் பாஸ்போர்ட் என்று சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பணம்: தள்ளுவண்டியில்கூட க்யூஆர் அட்டை தொங்குகிறது. ஆனால் இந்திய வங்கிக் கணக்கு திறந்து யுபிஐ ஓடத் தொடங்கும் வரை பத்து, இருபது, ஐம்பது ரூபாய் நோட்டுகள்தான் கதி. காலை ஆறு மணிக்கு டீக்கடையில் ஐந்நூறை நீட்டினால் அண்ணாச்சி உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்.

முதல் வாரம் வயிற்றைப் பழக்குங்கள்

தமிழ்ச் சாப்பாடுதானே, நமக்கென்ன என்று முதல் நாளே குடல் குழம்பில் இறங்க வேண்டாம். சாப்பாடு பழகியதாக இருந்தாலும் தண்ணீர் புதிது. முதல் சில நாள் கண் முன்னால் அடுப்பிலிருந்து இறங்குவதை மட்டும் சாப்பிடுங்கள்: இட்லி, தோசை, வடை, டீ. தேங்காய்ச் சட்னி காலையில் நல்லது. அதே சட்னி வெயிலில் நின்று மத்தியானம் வந்தால் வேண்டாம். குடிக்கக் கேன் தண்ணீர். ஐஸ் போட்ட எதையும் இரண்டாவது வாரத்துக்குத் தள்ளிப்போடுங்கள், ஜிகர்தண்டா உட்பட. மனசுக்குக் கஷ்டம்தான்.

ஓஆர்எஸ் பாக்கெட் நாலைந்து மருந்துக் கடையில் வாங்கி அறையில் வையுங்கள். கூட்டம் உள்ள கடையில் சாப்பிடுங்கள் என்பது பழைய அறிவுரை, ஆனாலும் சரியான அறிவுரை. பாத்திரம் சீக்கிரம் காலியாகிற இடத்தில் பழையது தங்காது.

வீதிக் கணக்கு

மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாக வீதிகள். உள்ளிருந்து வெளியே ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, கடைசியில் வெளி வீதி. ஒவ்வொன்றுக்கும் கிழக்கு, மேற்கு, தெற்கு, வடக்கு. இது மனசில் பதிந்துவிட்டால் ‘மேல மாசி’, ‘கீழ ஆவணி மூலம்’ என்று யார் வழி சொன்னாலும் பிடிபடும். மேல என்றால் மேற்கு, கீழ என்றால் கிழக்கு. மேட்டையும் பள்ளத்தையும் தேட வேண்டாம். சாதாரண டவுன் பஸ்ஸில் 2021-லிருந்து பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. நடத்துநர் கொடுக்கும் சீட்டை மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கடிகாரத்தின்படி சாப்பாடு

விடிகாலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் பருத்திப்பால் வண்டி வரும். பருத்திக் கொட்டையை ஊற வைத்து அரைத்துப் பாலெடுத்து, அரிசி மாவு, கருப்பட்டி, சுக்கு, ஏலக்காய் போட்டுக் காய்ச்சியது. மேலே தேங்காய்த் துருவல். முதல் வாய்க்கு வித்தியாசமாக இருக்கும், பாதி டம்ளரில் பழகிவிடும். தொண்டை கட்டியிருக்கும் நாளில் இதை விட்டு மாத்திரைக்குப் போகாதீர்கள்.

வெயில் ஏறியதும் கம்மங்கூழ். சாலையோர வண்டியில் பானையிலிருந்து மோர் விட்டுக் கரைத்துத் தருவார்கள். தொட்டுக்கொள்ள மோர் மிளகாய், கொத்தவரங்காய் வத்தல், மாங்காய். சித்திரை, வைகாசி வெயிலுக்கு இதுதான் மருந்து.

மத்தியானம் மெஸ்களின் நேரம். கறி, மீன் எல்லாம் கிண்ணம் கிண்ணமாக ஒரு பெரிய தட்டில் அடுக்கி உங்கள் மேஜைக்கே கொண்டுவந்து காட்டுவார்கள்: சுக்கா, ஈரல், மூளை, கோலா உருண்டை, நண்டு, அயிரை மீன் குழம்பு. வாசனையில் மயங்கிக் கைகாட்டிக்கொண்டே போனால் பில் வரும்போதுதான் தெளியும். கூச்சப்படாமல் ஒவ்வொன்றுக்கும் விலை கேளுங்கள்; எல்லோரும் கேட்பதுதான். ஒருமுறையாவது அயிரை சாப்பிட வேண்டும். விரல் நீளம்கூட இல்லாத கண்மாய் மீன். உயிரோடு தண்ணீரில் போட்டு, அது மணலைக் கக்கிய பிறகுதான் குழம்புக்குப் போகும். முள் எடுக்கிற வேலை இல்லை, அப்படியே சாப்பிட வேண்டியது. நாக்கில் மணல் நறநறத்தால் அந்தக் கடைக்கு அடுத்த முறை போக வேண்டாம்.

நாலு மணிக்கு மேல் தெற்கு மாசி வீதியைச் சுற்றியுள்ள தெருக்களில் நடந்து பாருங்கள். சௌராஷ்டிர மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் பகுதி. முள்முருங்கை இலையை அரிசியோடு அரைத்துத் தட்டி, எண்ணெயில் பச்சை நிறத்தில் உப்பி வரும் வடையைப் பொடி தூவித் தருவார்கள். இவர்கள் வீட்டுப் புளியோதரையும் தனி ருசி.

ஜிகர்தண்டாவுக்கு விளக்குத்தூண் பக்கம் போங்கள். சுண்டக் காய்ச்சிய பால், நன்னாரி சர்பத், ஐஸ்கிரீம், அடியில் வழுவழுவென்று பாதாம் பிசினோ கடற்பாசியோ. கடற்பாசி என்றால் நிஜமாகவே கடலில் விளைந்ததுதான். பாம்பன், மண்டபம் பக்கத்து மீனவப் பெண்கள் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு ஆழமில்லாத கடலில் மூழ்கி, பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைப் பறிக்கிறார்கள். அந்த வகைப் பாசியைக் காய்ச்சித்தான் அகர் என்கிற அந்த வழுவழுப்பை எடுக்கிறார்கள். அந்தத் தொழிற்கூடங்கள் மதுரைப் பக்கம் நிறைய உண்டு. கடல் இல்லாத ஊரில் கடல் இப்படியும் வந்து சேர்கிறது.

இருட்டிய பிறகுதான் ஊரே அடுப்பு மூட்டும். கறி தோசைக்குச் சிம்மக்கல். கனமாக ஊற்றிய தோசை மேல் முட்டை, அதன் மேல் கொத்துக்கறி மசாலா, திருப்பிப் போட்டு எண்ணெய் விட்டு முறுகல். பசி எவ்வளவு இருந்தாலும் முதலில் ஒன்று மட்டும் சொல்லுங்கள். சூடான அல்வாவுக்கு ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள பிரேமா விலாஸ். இலைத் துண்டில் நெய் வடிய வைத்துத் தருவார்கள், நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.

நள்ளிரவுக்கு மேல் பசித்தால் பஸ் நிலையம், ரயில் நிலையம் பக்கத்து இட்லிக் கடைகள். தட்டைக் கவிழ்த்து, துணி மேல் தண்ணீரைத் தெளித்து, அக்கா ஓரத்திலிருந்து மெல்ல உரிக்க உரிக்க இட்லி ஆவியோடு பிரிந்து வரும். அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதே பாதிச் சாப்பாடு.

பரோட்டாக் கடையில் எப்படிச் சொல்வது

ரொட்டி சானாயும் கொத்து ரொட்டியும் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இது சொந்தக்காரர் வீடு மாதிரிதான், ஆனாலும் சில வழக்கங்கள் வேறு. சுட்ட பரோட்டா நாலைந்தை அடுக்கி, மாஸ்டர் இரண்டு உள்ளங்கையாலும் பக்கவாட்டில் அடிப்பார். அடுக்கடுக்காக விரியும். அந்தச் சூட்டிலேயே இலைக்கு வர வேண்டும். கண்ணாடிப் பெட்டிக்குள் ஆறிக் கிடப்பதை வாங்காதீர்கள். “ரெண்டு பரோட்டா, எம்டி சால்னா” என்றால் கறித் துண்டு இல்லாத குழம்பு மட்டும் வரும், மாணவர் பைக்கு ஏற்றது. பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, சால்னாவை ஊற்றி, ஒரு நிமிஷம் ஊற விட்டு அப்புறம் சாப்பிடுங்கள். கூட ஒரு கலக்கியோ (அரைவேக்காட்டு முட்டை) கரண்டி ஆம்லெட்டோ சேர்த்துக்கொள்ளலாம்.

எம்டி சால்னாவில் கறித் துண்டுதான் இருக்காது, எலும்புச் சாறு இருக்கும். சைவக்காரர்கள் குருமா இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஹலால் பார்ப்பவர்களுக்குக் காஜிமார் தெரு, மகபூப்பாளையம், நெல்பேட்டை பக்கம் போனால் கவலை இல்லை. பிரியாணிக் கடையில் கறி இல்லாமல் சோறு மட்டும் வேண்டும் என்றால் “குஸ்கா” என்று சொன்னால் போதும்.

கடைக்காரர் வயதுக்கேற்ப அண்ணே, அக்கா, அய்யா, அம்மா. ‘சார்’ என்று ஆரம்பித்தால் தூரமாகிவிடுவீர்கள். உங்கள் பேச்சைக் கேட்டு “தம்பி சிலோனா?” என்று கேட்பார்கள், அது ஊர் விசாரிப்பு, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அப்படிக் கேட்டவர்தான் அடுத்த முறை கேட்காமலே கொஞ்சம் சால்னா கூட ஊற்றுவார்.

இனி கடல்: காற்றைப் பாருங்கள்

ராமநாதபுரத்துக்குக் கிழக்கே நிலம் மூக்கு போலக் கடலுக்குள் நீண்டு, பாம்பன் தீவாகி, தனுஷ்கோடியில் முடிகிறது. வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. தனுஷ்கோடிக்காரர்கள் வடக்குக் கடலைப் பெண் கடல் என்றும் தெற்குக் கடலை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். எந்தக் கரைக்குப் போகலாம் என்பதை மாதம்தான் முடிவு செய்யும். மே முதல் செப்டம்பர் வரை கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று. தெற்குக் கடல் கொந்தளிக்கும், வடக்கே குளம் போல இருக்கும். அக்டோபரிலிருந்து வாடை, அப்போது வடக்குக் கடல் கலங்கும், மழையும் புயல் எச்சரிக்கையும் சேர்ந்து வரும். பொங்கல் கழிந்து மார்ச் வரைக்கும் வெயிலும் காற்றும் தாங்கக்கூடியவை. முதல் பயணத்தை அந்த மாதங்களில் வையுங்கள்.

பஞ்சாங்கத்தையும் ஒருமுறை பாருங்கள். அமாவாசையன்று, முக்கியமாக ஆடி, தை அமாவாசையில், ராமேஸ்வரத்துக்குக் கடல் பார்க்கப் போகாதீர்கள். பித்ருக்களுக்குத் தர்ப்பணம் கொடுக்க ஊரே திரண்டிருக்கும். அறை கிடைக்காது, பஸ்ஸில் நிற்க இடம் கிடைக்காது.

போவது எப்படி

பஸ் என்றால் மாட்டுத்தாவணி பஸ் நிலையம். ஆரப்பாளையத்தில் போய் நிற்க வேண்டாம், அது திண்டுக்கல், தேனி, கோவைப் பக்கத்துக்கு. காமராசர் பல்கலைக்கழகப் பக்கம் தங்கியிருப்பவர்கள் மாட்டுத்தாவணி வந்து சேரவே ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ராமேஸ்வரம் சுமார் 170 கிலோமீட்டர். மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் வழி.

ரயில் மலிவு, சுகம். மதுரைச் சந்திப்பிலிருந்து காலையில் கிளம்பும் பயணிகள் ரயிலில் ஏறினால் ஏறக்குறைய பஸ் பிடிக்கும் நேரம்தான். பாம்பனில் 1914-இல் திறந்த பழைய பாலத்தில் 2022 கடைசியில் ரயில் நின்றுபோனது. கப்பலுக்கு நடுப்பகுதி செங்குத்தாக மேலே எழும் புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறக்கப்பட்டது. ஒரு யோசனை: போகும்போது ரயில், வரும்போது பஸ். பஸ் 1988-இல் திறந்த சாலைப் பாலத்தில் வரும். அந்த உயரத்திலிருந்து புதிய ரயில் பாலத்தையும், இரு பக்கக் கடலையும், கீழே நாட்டுப் படகுகளையும் பார்க்கலாம்.

தனுஷ்கோடி

ராமேஸ்வரத்திலிருந்து அரசு டவுன் பஸ் போகிறது. ஆட்டோ, வேன்காரர்கள் பஸ் இல்லை என்பார்கள். பஸ் நிலையத்தில் விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள். தார்ச்சாலை 2017-லிருந்து தீவின் கடைசி முனையான அரிச்சல்முனை வரைக்கும் இருக்கிறது. இரண்டு பக்கமும் கடல், நடுவில் சாலை, நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. தொப்பி, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கட்டாயம். காலையில் சீக்கிரம் போய்விட வேண்டும். மாலையானால் போலீஸ் எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடும், தங்கவும் முடியாது.

1964 டிசம்பர் 22 நள்ளிரவைத் தாண்டி அடித்த புயலில் ஊரும், வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலும் கடலோடு போயின. இடிந்த தேவாலயமும் ரயில் நிலையத்தின் மிச்சமும் இன்னும் நிற்கின்றன. சுவர் மேல் ஏறிப் படம் எடுக்க வேண்டாம். அங்கே செத்தவர்களின் சொந்தக்காரர்கள் இந்தத் தீவில்தான் இருக்கிறார்கள். இலங்கை மாணவர்களுக்கு இந்த இடம் இன்னொரு விதத்தில் பட்டுவிடும். சென்னை எழும்பூரில் போட் மெயில் ரயிலில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பலுக்கு மாறி, தலைமன்னாரில் இறங்கிப் போன தலைமுறை உங்கள் வீட்டிலும் இருக்கலாம். தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான். போனில் வெளிநாட்டு சிக்னல் பிடித்து ரோமிங்கில் பணம் போகாதபடி டேட்டாவை அணைத்து வையுங்கள். எல்லைப் பகுதி என்பதால் ட்ரோனை எடுத்துக்கொண்டு போகவே கூடாது, பாஸ்போர்ட் நகல் கையில் இருக்கட்டும்.

அரிச்சல்முனையில் குளிக்காதீர்கள். இரண்டு கடலும் சந்திக்கிற இடம். மேலே அமைதியாகத் தெரிந்தாலும் அடி இழுவை பலமானது. நீச்சல் தெரியும் என்கிறவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். கணுக்கால் நனைத்தால் போதும்.

குளிக்க ஆசைப்பட்டால்

அதற்கு அரியமான். ராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் நடுவே, உச்சிப்புளியிலிருந்து ஆட்டோவில் போகலாம். பாக் நீரிணைக் கரை, சவுக்குத் தோப்பு, நெடுந்தூரம் இடுப்பளவுத் தண்ணீர். கச்சான் காலத்திலும் இங்கே குளிக்கலாம். வாடை காலத்தில் மட்டும் விட்டுவிடுங்கள். ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கரை பக்தர்கள் நீராடும் இடம், விளையாடும் இடமில்லை.

உடை விஷயம்: இங்கே ஆணும் பெண்ணும் முழு உடையோடுதான் கடலில் இறங்குவார்கள். டி-சர்ட், முழங்காலைத் தொடும் டவுசர் என்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். மணலில் திருக்கை படுத்திருக்கும். காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்தால் அது விலகிப் போய்விடும். சொறி மீன் பட்டு எரிந்தால் நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள், எரிச்சல் கூடும். கடல் நீராலேயே கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

திருச்செந்தூர், தூத்துக்குடி பக்கமும் மாட்டுத்தாவணியிலிருந்தே பஸ் உண்டு. அதைத் தனி வாரக்கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். தூத்துக்குடியில் கடலைவிட மக்ரூன்தான் என் கட்சி. முட்டை வெள்ளைக்கரு, முந்திரி, சர்க்கரை, அவ்வளவுதான். வாயில் வைத்ததும் கரையும்.

மீன் சாப்பிடும் முறை

ராமேஸ்வரம் கோயிலைச் சுற்றி சைவம்தான். மீனுக்குத் தங்கச்சிமடம், பாம்பன், இல்லையென்றால் தனுஷ்கோடிக் குடிசைக் கடைகள். தட்டில் மசாலா தடவிய பாறை மீனும் விளமீனும் நண்டும் கணவாயும் அடுக்கியிருக்கும். நீங்கள் கைகாட்டியது எண்ணெயில் இறங்குவதற்கு முன்பே விலையைப் பேசி முடியுங்கள், இறங்கிய பிறகு பேச முடியாது. மசாலா சிவப்பைப் பார்த்து ஏமாறாமல், தடவாத மீன் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். கண் தெளிவாக, செவுள் சிவப்பாக, விரலால் அழுத்தினால் சதை திரும்ப எழும்ப வேண்டும். எண்ணெய் கருத்திருந்தால் வறுவலை விட்டுக் குழம்புச் சோற்றுக்குப் போய்விடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. நாட்டுப் படகு மீன்தான் கிடைக்கும், விலை ஏறியிருக்கும். அந்த நாட்களில் பெரிய மீன் மலிவாகக் கிடைத்தால் ஐஸில் கிடந்ததா என்று விசாரியுங்கள்.

பையில் எதை வைப்பது

சிப்பிக் கடைகளில் ஜாக்கிரதை. பவளத் துண்டு, கடற்குதிரை, கடல் அட்டை எல்லாம் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை. கரையில் சும்மா கிடந்தது என்று பவளத்தை எடுத்து வந்தாலும் விமான நிலையத்தில் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான், அதுவும் மாணவர் விசாவை வைத்துக்கொண்டு. பனங்கிழங்கு வாங்கலாம், தை மாதத்தில் ராமநாதபுரம் முழுக்கக் கிடைக்கும். பனை ஓலைப் பெட்டி வாங்கலாம், அதில் கருப்பட்டியும் வாங்கலாம்.

கருவாடும் வாங்கலாம். நெத்திலி என்றால் நன்றாகக் காய்ந்து, ஒடித்தால் ஒடிய வேண்டும். வளைந்தால் ஈரம் இருக்கிறது, புழு வைக்கும். செய்தித்தாளில் சுற்றி, அதற்கு மேல் இரண்டு பிளாஸ்டிக் பை போட்டு இறுக்கிக் கட்டச் சொல்லுங்கள். பஸ்ஸில் அதைத் தலைக்கு மேல் தட்டில் வைக்காமல் காலடியில் வையுங்கள். விடுதிக்குள் மட்டும் கொண்டு போகாதீர்கள். வார்டன் மூக்கு போலீஸ் நாயைவிடக் கூர்மை. வழக்கமாகச் சாப்பிடும் மெஸ் அக்காவிடம் கொடுத்துவிட்டால், மறுநாள் மத்தியானம் கத்திரிக்காயும் மொச்சையும் போட்டு அவரே குழம்பு வைத்துத் தருவார்.